பை-ஆம்பிங்கில் ஒலி அளவைச் சமன் செய்வது எப்படி: வோல்ட் மீட்டரிலிருந்து மைக் வரை

ஒரே ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர் முழுவதையும் இயக்கும்போது, தாழ்ந்த ஒலிகளுக்கான வூஃபரும் உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டரும் எந்த விகிதத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை அந்த ஸ்பீக்கரை வடிவமைத்தவர் உள்ளே இருக்கும் கிராஸோவரில், அதாவது சிக்னலை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றில், தீர்மானித்துவிடுகிறார். பை-ஆம்பிங் செய்து வூஃபருக்கு ஓர் ஆம்ப், ட்வீட்டருக்கு இன்னோர் ஆம்ப் என்று பிரித்துக் கொடுத்தவுடன் அந்தத் தீர்மானத்தில் பாதி நம் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு ஆம்ப்களும் ஒரே சிக்னலை ஒரே மடங்கு பெருக்கினால் வடிவமைப்பாளர் நினைத்த ஒலி கிடைக்கும். ஒன்று கூடுதலாகப் பெருக்கினால், நமக்கே தெரியாமல் ஸ்பீக்கரை வேறொரு ஸ்பீக்கராக மாற்றிவிடுகிறோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் 60 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூம் பகுதியும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்றை ட்வீட்டருக்கு வைத்துக்கொண்டு, வால்யூமுக்குப் பிந்தைய சிக்னலை வெளியே தரும் அதன் ப்ரீ-அவுட்டிலிருந்து 150 வாட் பழைய பவர் ஆம்ப் ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்து வூஃபரை இயக்கினேன். ஒலி கனத்துவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி அறையை நிறைத்தது, இதுதான் பை-ஆம்பிங்கின் பலன் என்று மூன்று வாரம் மகிழ்ந்திருந்தேன். பாடகரின் குரல் மட்டும் ஏனோ போர்வைக்குள்ளிருந்து வருவதைப் போல இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது வூஃபர் பக்கம் 3 டெசிபல் அதிகம். அந்த ஸ்பீக்கரின் கிராஸோவர் 2500 ஹெர்ட்ஸ் அருகில் இருப்பதால், உயர்ந்தது பேஸ் மட்டும் அன்று. குரலின் உடல் முழுவதும் உயர்ந்து, ‘ச’கரமும் ஜால்ராவின் மினுக்கும் பின்தங்கிவிட்டன. பை-ஆம்பிங்கின் அதிசயமாகப் பலர் புகழ்வதில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட அளவுப் பிழையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

சமமாக வேண்டியது வாட் அன்று, கெய்ன்

முதலில் நீக்க வேண்டிய குழப்பம் இது. 50 வாட் ஆம்பும் 200 வாட் ஆம்பும் ஒரே சிக்னலுக்கு ஒரே அளவில் ஒலிக்க முடியும். வாட் என்பது ஆம்ப் திணறாமல் எதுவரை போகும் என்கிற உச்ச வரம்பு. உள்ளே வரும் வோல்டேஜை எத்தனை மடங்காக்கி வெளியே தருகிறது என்பதுதான் கெய்ன். வீட்டு ஆம்ப்களில் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு, என்பதும் 29 டெசிபல், அதாவது ஏறத்தாழ 28 மடங்கு, என்பதும் அடிக்கடி காணப்படும் அளவுகள். இந்த இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தாலே 3 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும்.

விவரக்குறிப்பில் கெய்ன் நேரடியாகத் தரப்படாவிட்டால் கணக்கிட்டுக்கொள்ளலாம். 8 ஓமில் 100 வாட் தருவதற்கு 28.3 வோல்ட் தேவை. அந்த முழுத் திறனை எட்ட உள்ளீட்டில் 1 வோல்ட் போதும் என்று எழுதியிருந்தால் கெய்ன் 28.3 மடங்கு. இந்தக் கணக்கு தொடக்க மதிப்பீட்டுக்கு மட்டுமே. காகிதத்தில் உள்ள எண்ணும் கையில் உள்ள ஆம்பும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் அளந்து பார்ப்பது நல்லது.

உங்கள் இணைப்பு எந்த வகை

ஒரே மாதிரியான இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்கள் உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் ஆம்பை ஒதுக்கி, அதன் ஒரு சேனலை வூஃபருக்கும் மறு சேனலை ட்வீட்டருக்கும் கொடுங்கள். செங்குத்து முறை எனப்படும் இதில் மேலும் கீழும் ஒரே ஆம்பின் இரண்டு சேனல்கள் என்பதால் கெய்ன் பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும். ஒருமுறை சரிபார்த்தால் போதும். டெனான், மராண்ட்ஸ், யமஹா போன்ற ஏவி ரிசீவர்களில் பயன்படாத சேனல்களை மெனுவில் பை-ஆம்ப் என்று ஒதுக்கும்போதும் இதே நிலைதான். அங்கே நீங்கள் சமன் செய்ய ஒன்றும் இல்லை.

கிடைமட்ட முறையில், அதாவது இரண்டு வூஃபர்களையும் ஓர் ஆம்பும் இரண்டு ட்வீட்டர்களையும் வேறொரு ஆம்பும் இயக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. அதிலும் ஸ்பீக்கரின் உள் கிராஸோவரை அப்படியே வைத்துக்கொள்ளும் பாஸிவ் முறை ஒன்று. அதை நீக்கிவிட்டு ஆம்புக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரிக்கும் ஆக்டிவ் முறை இன்னொன்று. பாஸிவ் முறையில் நம் இலக்கு மிக எளியது: இரண்டு ஆம்ப்களும் மிகச் சரியாக ஒரே அளவு பெருக்க வேண்டும். ஆக்டிவ் முறையில் கெய்ன் சமமாக இருப்பதால் பயன் எதுவும் இல்லை. ஒலியாக வெளிவருவதுதான் பொருந்த வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாஸிவ் முறையை முதலில் பார்ப்போம்.

ஆயத்தம்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பின்புறம் இரண்டு ஜோடி டெர்மினல்களை இணைத்திருக்கும் உலோகத் தகடுகளை, அதாவது ஜம்பர்களை, கழற்றுங்கள். ஸ்பீக்கருக்கு இரண்டு வீதம் நான்கும் கழன்று உங்கள் உள்ளங்கையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஒயரைத் தொடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் இரண்டு ஆம்ப்களின் அவுட்புட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அளவு சமமாக இல்லாதபோது ஓர் ஆம்ப் மற்றதை ஷார்ட் சர்க்யூட்டாகவே காணும்.

பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் வையுங்கள். லவுட்னஸ், அறைத் திருத்தம், சப்வூஃபர் பிரிப்பு ஆகிய அனைத்தையும் அணையுங்கள். ஆடிஸி, ஒய்பிஏஓ போன்ற தானியங்கித் திருத்தங்களைச் சமன் செய்வதற்கு முன் ஓடவிடக் கூடாது. ஸ்பீக்கரை ஒற்றைச் சேனலாகக் காணும் அவை, உங்கள் ஆம்ப் பொருத்தப் பிழையை அறையின் குறையாக எடுத்துக்கொண்டு ஈக்வலைசரால் மூடி மறைக்க முயலும்.

மீட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சென்னை ரிச்சி தெருவில் குவித்து வைத்து விற்கப்படும் மலிவான மஞ்சள் நிற மல்டிமீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே அளவீடுகள் இருக்கும், அது 0.1 வோல்டுக்குக் கீழே காட்டாது. 2 வோல்ட் அளவில் அந்த 0.1 வோல்ட் என்பது 0.4 டெசிபலுக்கு மேல். ஆகவே மில்லிவோல்ட் வரை ஏசி காட்டும் மீட்டர் ஒன்றை இரவலாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். அது துல்லியமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மீட்டரால் எல்லாவற்றையும் அளந்து விகிதத்தை மட்டுமே பார்ப்பதால் அதன் பிழை இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்துவிடும். சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமானவை என்பதால் 120 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) ஒன்றைக் கோப்பாக உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸையும் தவிர்ப்பது, ஆம்பில் இருக்கும் சிறு இரைச்சல் அளவீட்டோடு கலக்காமல் இருப்பதற்காக.

அளப்பது

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டே அளக்கலாம்; வீட்டிலிருப்பவர்களின் காதும் தப்பும். வால்வு ஆம்பை ஒருபோதும் சுமையில்லாமல், அதாவது ஸ்பீக்கர் இணைக்காமல், இயக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெடும். வால்யூமை முழுக்கக் குறைத்து, டோனை ஓடவிட்டு, ஏதாவது ஓர் அவுட்புட்டில் 2 வோல்ட் வரும்வரை மெதுவாக உயர்த்துங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் நான்கு அவுட்புட்டுகளையும் அளந்து எழுதுங்கள். வால்யூம் குமிழின் கீழ்ப்பகுதியில் இடது வலது சேனல்கள் ஒத்துப்போவது அரிது; அதனால் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையில் குமிழை வைத்து, டோன் கோப்பின் அளவைக் குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

என் வீட்டில் கிடைத்த எண்கள் இவை. ட்வீட்டர் பக்கம் இடது 2.00, வலது 1.99 வோல்ட். வூஃபர் பக்கம் இடது 2.82, வலது 2.80 வோல்ட். இடது பக்கத்தின் விகிதம் 1.41, அதன் லாகரிதத்தை 20 ஆல் பெருக்கினால் 2.98 டெசிபல். கால்குலேட்டர் இல்லாதபோது நினைவில் வைத்துக்கொள்ளச் சில விகிதங்கள்: 1.06 என்றால் அரை டெசிபல், 1.12 என்றால் 1, 1.26 என்றால் 2, 1.41 என்றால் 3, இரு மடங்கு என்றால் 6 டெசிபல். கால் டெசிபலுக்குள், அதாவது நூற்றுக்கு மூன்று பங்குக்குள், கொண்டுவருவதை நான் இலக்காக வைத்துக்கொள்கிறேன். ஒரு தனிக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் 1 டெசிபல் கூடினால் காது கவனிக்காமல் போகலாம்; ட்வீட்டரின் வரம்பு முழுவதும் ஒரு டெசிபல் கூடினால் ஸ்பீக்கரின் குணமே மாறியதாகத் தெரியும்.

குறைப்பது

உரத்து ஒலிக்கும் ஆம்பைத்தான் குறைக்க வேண்டும், அதுவும் அதன் உள்ளீட்டில். மேடை ஒலிக்கான பவர் ஆம்ப்களில் இதற்கென்றே குமிழ் இருக்கும். நான்கு எண்களும் நெருங்கும்வரை திருப்பி, அந்த நிலையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். துடைக்கும் துணி ஒருமுறை பட்டால் போதும், செய்த வேலை வீண்.

குமிழ் இல்லாத ஆம்புக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் போதும். என் பவர் ஆம்பின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம். சிக்னல் வழியில் 3.3 கிலோ ஓம் தொடராகவும், அதற்குப் பின் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓமும் வைத்தேன். 10 கிலோவும் 47 கிலோவும் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 8.25 கிலோ ஆகின்றன; ப்ரீ-ஆம்பின் அவுட்புட் தடை 100 ஓம் என்று கொண்டால் மொத்தம் 11.65 கிலோவில் 8.25 கிலோ, அதாவது 0.708 பங்கு, துல்லியமாக 3 டெசிபல் குறைவு. ஒரு சதவீதப் பிழைக்குட்பட்ட மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை வாங்கி, ஆர்சிஏ பிளக்கின் உள்ளேயே, பவர் ஆம்ப் முனையில் வைத்துச் சால்டர் செய்யலாம். எக்ஸ்எல்ஆர், ஆர்சிஏ என இரண்டு வகை உள்ளீடுகளும் இருக்கும் ஆம்ப்களில் ஒன்றுக்கொன்று 6 டெசிபல் வேறுபடுவது உண்டு என்பதால், அளந்தபோது எந்த உள்ளீட்டைப் பயன்படுத்தினீர்களோ அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

இன்டகிரேட்டட் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரலாம். உரத்து ஒலிப்பது வெளி பவர் ஆம்பாக இல்லாமல் உள் ஆம்பாகவே இருந்தால், ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று பிரிக்க வழியில்லாதவரை அதைத் தனியாகக் குறைக்க முடியாது. வூஃபரையும் ட்வீட்டரையும் இடம் மாற்றினால் பிழையின் திசைதான் மாறும், பிழை போகாது. அந்த நிலையில் கூடுதல் கெய்ன் உள்ள பவர் ஆம்பைத் தேடுவதுதான் வழி.

சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே

அளவு பொருந்திய பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனையை யாரும் அதிகம் செய்வதில்லை. எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த சோதனை. 120 ஹெர்ட்ஸ் டோன் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை ட்வீட்டர் ஆம்பின் சிவப்பு டெர்மினலிலும் மறுமுனையை அதே பக்கத்து வூஃபர் ஆம்பின் சிவப்பு டெர்மினலிலும் வையுங்கள். இரண்டு ஆம்ப்களும் ஒரே அளவில், ஒரே திசையில் அசைந்தால் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யம் காட்டும். ஒன்று பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழ்த் திசையை, தலைகீழாக்கினால் பூஜ்யத்துக்குப் பதிலாக 4 வோல்ட் காட்டும். அப்படியானால் அந்த ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிராஸோவர் பகுதியில் ஒலி பள்ளமாகிவிடும். இரண்டு சிவப்புகளையும் மீட்டர் முனைகளால் தவறியும் ஒன்றோடொன்று தொட வைத்துவிடாதீர்கள். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்களிலும் பல கிளாஸ்-டி ஆம்ப்களிலும் கறுப்பு டெர்மினலும் உயிருள்ள முனை என்பதால் இந்தச் சோதனையின் எண்கள் அங்கே பொருந்தா.

ஒவ்வொன்றும் தனித்தனியே 2.00 வோல்ட் காட்டியும் நடுவே 0.3 வோல்ட் மிஞ்சினால் நேர வித்தியாசம் இருக்கலாம். சிக்னலை உள்ளே டிஜிட்டலாக்கும் ஆம்பையும் முழு அனலாக் ஆம்பையும் சேர்க்கும்போது இது நேர்கிறது. டோனை 400 ஹெர்ட்ஸாக மாற்றிப் பாருங்கள். மிச்சம் 1 வோல்ட் அளவுக்கு வளர்ந்தால் 0.2 மில்லிசெகண்ட் தாமதம் என்று பொருள். 2500 ஹெர்ட்ஸில் அது சரியாகப் பாதி அலை, அதாவது முழுத் தலைகீழ். அப்படிப்பட்ட இரண்டு ஆம்ப்களை பாஸிவ் முறையில் சேர்க்கவே கூடாது. மாறாக, மிச்சம் சுருங்கினால் உள்ளீட்டுக் கெபாசிட்டரின் சிறு விளைவுதான், கவலை வேண்டாம்.

வால்வு ஆம்ப்

ட்வீட்டருக்கு வால்வும் வூஃபருக்கு டிரான்சிஸ்டரும் என்பது பலருக்கும் ஆசையான கூட்டணி. வால்வு ஆம்பின் அவுட்புட் தடை 2 ஓம் என்று கொண்டால், ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் அளவு 3.5 டெசிபல் குறையும், 20 ஓமாக இருக்கும் இடத்தில் 0.8 டெசிபல் மட்டுமே குறையும். எனவே 120 ஹெர்ட்ஸில் எடுத்த எண் ட்வீட்டரின் வரம்பில் செல்லாது. இங்கே மீட்டர் தோராயத்துக்குத்தான். இறுதித் தீர்ப்பு மைக்கிடம்.

மைக்கால் சரிபார்ப்பது

பாஸிவ் முறையில் நமக்கு ஓர் அரிய வசதி உண்டு: ஒப்பிட மூலப்பிரதி கையிலேயே இருக்கிறது. ஜம்பர்களை மீண்டும் போட்டு, டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை மட்டும் கொண்டு ஸ்பீக்கரை இயக்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் ஓர் அளவீடு எடுங்கள். பிறகு மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரு விரல்கூட நகர்த்தாமல், ஜம்பரைக் கழற்றி, பை-ஆம்ப் இணைப்பில் இன்னொன்று எடுங்கள். ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்த்தால் அறையின் மேடுபள்ளங்களும் மைக்கின் குறைகளும் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் மறைந்து, ஆம்ப்களின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அது நேர்க்கோடாக இருந்தால் வேலை முடிந்தது. கிராஸோவர் அருகில் படிக்கட்டு போல ஏறினால் அளவுப் பிழை, குழி விழுந்தால் பொலாரிட்டி அல்லது தாமதம். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக் இருந்தால் நல்லது; மைக்கின் குறைகள் மறைந்துவிடுவதால் அது இல்லாவிட்டாலும் சாதாரண யூஎஸ்பி மைக் போதும். கைபேசி மைக் மட்டும் வேண்டாம். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

ஆக்டிவ் முறை

உள் கிராஸோவர் இல்லாத ஸ்பீக்கரில் 120 ஹெர்ட்ஸ் டோனை ட்வீட்டருக்கு அனுப்பினால் அதன் கதை முடிந்துவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே ட்வீட்டரோடு தொடராக ஒரு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை வையுங்கள். 8 ஓம் ட்வீட்டரில் அது 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுத்து, ஆம்ப் போடும்போது வரும் ‘தட்’ ஒலியிலிருந்தும் காக்கும். ஆம்ப்களைக் கடைசியாகப் போட்டு முதலில் அணைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கணக்கு எளியது. 2.83 வோல்டில் 1 மீட்டர் தொலைவில் வூஃபர் 86 டெசிபல், ட்வீட்டர் 91 டெசிபல் என்றும், ட்வீட்டர் ஆம்பின் கெய்ன் 3 டெசிபல் அதிகம் என்றும் கொண்டால், ட்வீட்டர் வழியை 8 டெசிபல் குறைத்துத் தொடங்கலாம். இதை மினிடிஎஸ்பி போன்ற, சிக்னலை டிஜிட்டலாகப் பிரிக்கும் கருவியின் உள்ளே டிஜிட்டலாகக் குறைப்பதைவிட, அதற்குப் பிறகு ஆம்பின் உள்ளீட்டில் குறைப்பது நல்லது. அப்போது கருவியின் சொந்த இரைச்சலும் சேர்ந்து குறையும். காதை ட்வீட்டரிடம் கொண்டுபோனால் ‘உஸ்’ என்ற ஒலி எவ்வளவு தணிகிறது என்பது உடனே தெரியும்.

பிறகு மைக்கை ட்வீட்டர் உயரத்தில் 1 மீட்டரில் நிறுத்தி, ஒவ்வொரு டிரைவரையும், அதாவது வூஃபரையும் ட்வீட்டரையும், அதன் ஃபில்டர் வழியாகத் தனித்தனியே அளந்து, இரண்டு வளைவுகளும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு செய்யுங்கள். தரையிலிருந்து எதிரொலித்து வருவதை நீக்க 3 முதல் 5 மில்லிசெகண்ட் சாளரம், அதாவது முதலில் வந்துசேரும் ஒலியின் அந்தச் சிறு பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பது, போதும். அதற்கு விலையாக 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நம்ப முடியாது. அதிர்வெண் இரு மடங்காகும்போது 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி வகைக் கிராஸோவர் என்றால் இரண்டு வளைவுகளும் மட்டத்திலிருந்து 6 டெசிபல் இறங்கிய இடத்தில் சந்திக்க வேண்டும்.

அடுத்து ட்வீட்டரின் பொலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து அளவிடுங்கள். ஓர் ஆழமான பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எங்கே விழுகிறது, எவ்வளவு ஆழம் என்ற இரண்டும் வேறு வேறு செய்திகள். இந்த வகைக் கிராஸோவரில் இரண்டு டிரைவர்களும் எங்கும் ஒரே ஃபேஸில், அதாவது ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் நிலையில், இருப்பதால், அளவு எங்கே சமமோ அங்கேதான் பள்ளம் விழும். ட்வீட்டர் 1 டெசிபல் கூடுதலானால் பள்ளம் ஏறத்தாழ 3 சதவீதம் கீழே நகரும். 3 டெசிபல் கூடினால் 2500 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 2290 அருகில் நிற்கும். ஆக, பள்ளம் ஆழமாக ஆனால் தள்ளி விழுந்தால் அளவைத் திருத்துங்கள்; சரியான இடத்தில் ஆனால் மேலோட்டமாக விழுந்தால் தாமதத்தைத் திருத்துங்கள். இரண்டும் சரியான பின் பொலாரிட்டியை மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காதுக்கு எப்போது இடம்

மீட்டரும் மைக்கும் முடித்த பிறகு, அரை டெசிபல் அல்லது 1 டெசிபல் அளவுக்கு உங்கள் அறைக்கும் ரசனைக்கும் ஏற்ப ட்வீட்டரை ஏற்றி இறக்கலாம். திரைச்சீலையும் சோஃபாவும் நிறைந்த அறை சற்றுக் கூடுதல் ட்ரெபிளைத் தாங்கும். வெறும் சுவரும் மொசைக் தரையும் உள்ள கூடம் தாங்காது. நன்கு அறிமுகமான ஒரு குரலை மட்டும் வைத்து, ஒரே ஒலி அளவில், ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாளாவது விட்டுக் கேளுங்கள்.

3 டெசிபலைக் குறைத்த அன்று எனக்கு வூஃபர் வேலை செய்யவில்லையோ என்றே தோன்றியது. எழுந்துபோய்க் கூம்பில் கையை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதே கச்சேரிப் பதிவைப் போட்டபோது தொப்பி தன் அளவில் இருந்தது, வலந்தலையின் நாதம் அதற்கு மேலே தெளிவாகக் கேட்டது, பாடகர் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தார்.